பரீட்சை முடிந்து வந்த பெண்

இன்று காலை ஐந்தருவிச் சாலையில் மங்குஸ்தான் வாங்கினேன். தோலைப் பிளந்ததும் விரலெல்லாம் ஊதாக் கறை. இதே கறையோடு பாங்குக்கு வந்து, மை கொட்டிவிட்டது என்று மேனேஜரைச் சமாளித்தாயே, அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். நீ கண்ணை மூடி இரண்டு சாரல் காலம் கடந்துவிட்டது.

அறுபதுகளில் தென்காசிக் கிளையில் நாம் இருவர்தான் பெண் குமாஸ்தாக்கள். வங்கிச் சட்டப் பரீட்சையில் தேறினால் சம்பளம் கூடும், ஆபீசராகவும் வழி உண்டு என்று தெரிந்ததும் என்னைக் கேட்காமலே எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு பாறையில் உட்கார்ந்து படிப்போம். அருவி இரைச்சலில் நீ கத்திக் கேள்வி கேட்பாய்; நான் கத்திப் பதில் சொல்வேன். பக்கத்தில் சேலை பிழிந்துகொண்டிருந்த ஓர் ஆச்சி, "ரெண்டு பேருக்கும் என்னம்மா சண்டை?" என்று கேட்டாள்.

திருநெல்வேலியில் நடக்கவிருந்த பரீட்சை நெருங்கியபோதுதான் அந்தச் செய்தி வந்தது. புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதே நாளில். "பரீட்சைய அடுத்த வருசம் எழுதிக்கிடலாம்" என்றார் உன் அப்பா. கல்யாணமானால் அடுத்த வருடம் என்று ஒன்று இராது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

"காலைல எழுதிட்டு சாயங்காலம் வந்துருதேம்பா" என்றாய். குரலை உயர்த்தவில்லை.

"திருநவேலி ரயிலு பிந்திருச்சுன்னா?"

"பிந்தாது."

பிந்தியது. ஸ்டேஷனிலிருந்து இருவரும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது வந்தவர்கள் காபியே குடித்து முடித்திருந்தார்கள். கசங்கிய சேலையோடு நீ முன்வாசல் வழியாகவே நுழைந்து வணக்கம் சொன்னாய்.

"பாட்டு படிப்பியாம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"பாட்டு வராது அத்தை. பாங்குச் சட்டம் வேணும்னா சொல்லுதேன்."

உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எனக்கு ஒரு சந்தேகம். செக்குல எண்ணுல ஒரு தொகையும் எழுத்துல வேற தொகையும் இருந்தா எது செல்லும்?"

"எழுத்துல உள்ளதுதான்."

"அப்ப சரி. கல்யாணத்துக்குப் பொறகும் நீங்க வேலைக்குப் போகலாம்னு எழுத்துலயே குடுத்துருதேன்."

முதலில் சிரித்தது அவருடைய அம்மாதான். உன் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பரீட்சை முடிவு வந்தபோது உன் கழுத்தில் தாலி புதுசு. மேனேஜர் மேசையில் கிடந்த தாளில் விரலை ஓட்டிக்கொண்டே போனவள், சட்டென்று என் கையைப் பிடித்தாய். "ஏட்டி, பாஸாயிட்டோம்."

உன் விரல் நின்றிருந்தது என் பரீட்சை எண்ணில். "உன்னுது எங்கட்டி?" என்றேன்.

"இனிமேத்தான் பாக்கணும்."

இரண்டு வரி கீழே அதுவும் இருந்தது. நம் இருவர் கத்தலில் மேனேஜரே எழுந்து வந்துவிட்டார்.

நல்ல சேதி எது வந்தாலும் இன்றும் எனக்கு உன்னைப் போலவே "வந்திருக்கு நமக்கு" என்றுதான் வாயில் வருகிறது, வீட்டில் நான் மட்டும் இருக்கிற நாட்களிலும்.