நகராட்சியில் குடித்த காபி

அப்பாவுக்கு,

"குடிக்காதீங்கப்பா" என்று அன்று நகராட்சியில் நான் சொல்லவில்லை. கடைக்காரர் சங்கத்தின் தலைவரை எல்லார் முன்னாலும் அவர் மகளே தடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

பஸ் நிலையத்தைப் புது மால் பக்கம் மாற்றினால் நம் ஸல்த் ஊர்க் கடைவீதிக்கு ஆளே வராது, மாற்ற வேண்டாம் என்று கேட்கத்தான் போனோம். பெண் கேட்கப் போனாலும் சம்மதம் கிடைக்கும்வரை காபியைத் தொடாத ஊர் நம்முடையது. அன்றும் எல்லாருடைய கோப்பையும் அப்படியே இருந்தது.

"ஆறிப்போகுது, குடிங்க அபூ நாயிஃப்" என்றார் மேயர் உங்களிடம்.

செருப்புக்கடை அபூ காலிப் விடவில்லை. "ஒரு வார்த்தை சொல்லுங்க, குடிச்சிடுறோம்."

"என் பொண்ணைக் கேக்க வந்த மாதிரியில்ல முறுக்கிக்கிறீரு. கமிட்டி போட்டுப் பார்க்கலாம்யா" என்றார் மேயர்.

நீங்கள் குடித்தீர்கள். தலைவரே குடித்த பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொருவராகக் கோப்பையை எடுத்தார்கள். அபூ காலிப் மட்டும் எடுக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் காபி குடித்துச் சம்மதித்துவிட்டார்கள் என்று மாலைக்குள் நகராட்சி ஆட்கள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா கேட்டபோது, "மரியாதைக்குக் குடிச்சேன்" என்றீர்கள். நான் படித்த எத்தனையோ புத்தகங்களில் மரியாதை என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பொருளைப் பார்த்ததில்லை.

இங்கே இர்பித் நகரத்தில் எனக்கு வேலை அதிகம். பெருநாளுக்கு வர முடியாது.

ரமலானுக்கு முன்பே பஸ் நிலையம் மாறியது. அபூ காலிப் கடையை மூடினார். மாலில், வாசலை ஒட்டிய முதல் கடை உங்களுக்குக் கிடைத்தது.

உங்கள் மகள்