கால் மணி முந்தி ஓடும் கடிகாரம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் இருமல் அவரைவிடச் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி டியூட்டி முடிந்த பகல்களில் போனை அணைத்துவிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், எட்டிப் பார்க்கவா முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. அப்பாவும் வருடக் கடைசியில் அச்சகத்திலிருந்து ஓய்வு பெறப் போகிறார், அந்த டியூஷனை விட்டுவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்து இருங்கள், உனக்கு எதற்கம்மா இந்த வேண்டாத வேலை என்று நீ கேட்டாய். நீ அதைக் கேட்ட நேரத்தில் டியூஷன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று நானே முடிவு செய்து உட்கார்ந்திருந்தேன். அப்படியென்றால் ஏன் சரி என்று சொல்லவில்லை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து நீ வக்கீல் மாதிரி கேள்வி கேட்பாய், கடிதத்தில் புக முடியாது பார்.

முதலில் எங்கள் டியூஷன் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், நீ என்னமோ நான் பிரம்பை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். மருந்துக்கடைக்காரர் கடைக்கு மேலே இருக்கும் அறையைச் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்காகச் சும்மா விட்டிருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். ஏறுகிற படிகளில் எல்லாம் சாக்பீஸால் வாய்ப்பாடு எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு படியிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைக்க வேண்டும், ஏழாம் வாய்ப்பாடு எழுதிய வாரம் பாதிப் பேர் பாதிப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள், கீழே மருந்து வாங்க வந்த ஒருவர் மேலே டாக்டர் இருக்கிறாரா இவ்வளவு கூட்டம் என்று கேட்டாராம். அப்பா அச்சகத்திலிருந்து வெட்டி மிஞ்சிய தாள்களை மூட்டையாகக் கொண்டு வருகிறார், அதைத் தைத்துத்தான் பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டு. ஒரு பக்கம் யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை, மறுபக்கம் கழித்தல் கணக்கு. அடுத்த தெருக் கல்லூரிப் பெண் ஆங்கிலமும் அறிவியலும் சொல்லித் தருகிறாள், போன மாதம் காந்தத்தைக் கையில் கொடுத்து அறையில் என்னவெல்லாம் ஒட்டுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள், அன்றைக்கு என் கண்ணாடிக் கூடு முதல் கொண்டு எதையும் விட்டு வைக்கவில்லை. சனிக்கிழமைகளில் கேள்வி நேரம். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கொசு ஏன் காதுக்குப் பக்கத்தில் வந்துதான் பாடுகிறது என்று ஒன்று கேட்டது, வேறு எங்கே பாடினால் உனக்குக் கேட்கும் என்று இன்னொன்று திருப்பிக் கேட்டது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

எனக்குச் சின்ன வகுப்புக் கணக்கு, பிள்ளைகளுக்கு நான் அத்தை. நான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லித் தருவதில்லை, முதலில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பேன், அது இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் மற்றவர்களுக்கு. சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டலாம் என்பது சட்டம். பிள்ளைகள் பிள்ளைகளிடம் கற்றால் மறப்பதில்லை என்று நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அந்தப் பெருமைதான் கடைசியில் என்னை நன்றாக மாட்டிவிட்டது. மூன்றாம் வகுப்பில் சுண்டெலி என்று ஒரு பெண் இருக்கிறாள். ஆள் அந்த அளவுதான், வாய் மட்டும் இந்தத் தெரு நீளம், அவள் அம்மா தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கணக்கு என்றாலே மூக்கால் அழுதுகொண்டிருந்தவள் இந்த வருடம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறாள். கடிகாரம் பார்த்து மணி சொல்லும் பாடத்தை முதலில் அவளுக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன், அவள் வழியாக மற்ற எட்டுப் பேருக்கும் போயிற்று.

இப்போது கடிகாரக் கதைக்கு வா. நம் வீட்டுப் பழைய சுவர்க் கடிகாரம் நினைவிருக்கும். அப்பா வேலைக்கு நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்று நாம் அதைக் கால் மணி முந்தியே ஓட விட்டிருந்தோமே, அது கால் மணி முந்தி ஓடுகிறது என்பது அப்பாவுக்கும் தெரிந்திருந்ததால் அவர் சரியாகக் கால் மணி நிதானமாகக் கிளம்புவார், யாருக்கு என்ன லாபம் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. உன் தம்பி புதுக் கடிகாரம் வாங்கி மாட்டியதும் பழையதை டியூஷனுக்குக் கொண்டு போனேன். அதைத் திருப்பிச் சரியாக வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. நம் வீட்டில் யார்தான் கடிகாரம் காட்டுகிற மணியை மணி என்று சொல்லியிருக்கிறோம். மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்த முதல் நாளே சுண்டெலியிடம், சின்ன முள் இது, பெரிய முள் இது, பார்த்து முடித்ததும் அதிலிருந்து கால் மணியைக் கழித்துவிடு என்று சொல்லிவிட்டேன். எதற்காகக் கழிக்க வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு மாதமாகத் தினமும் ஒவ்வொருவராக எழுப்பி மணி என்ன என்று கேட்பேன், அண்ணாந்து பார்த்து, விரல் மடக்கிக் கழித்து, டாண் டாண் என்று சொல்வார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அரைப் பரீட்சை வந்தது. போன வாரம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை என்னை உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனால் மூன்றாம் வகுப்பு டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார், மேஜையில் எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேரின் கணக்குத் தாள்களும் வரிசையாக. உங்கள் டியூஷன் பிள்ளைகள் கூட்டாகக் காப்பி அடித்திருக்கிறார்கள், வெவ்வேறு பெஞ்சில் உட்கார வைத்தும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள், விசாரித்தால் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை, இந்தத் தாள்களைச் செல்லாது என்று அடித்துவிட்டுப் பெற்றோர்களைக் கூப்பிட்டு இனிமேல் டியூஷனுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லப் போகிறோம் என்றார். தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஐந்து கடிகாரப் படங்கள், கீழே மணி எழுத வேண்டும். ஒன்றொன்றாகப் பார்த்தேன், இன்னொரு தாளையும் பார்த்தேன், அதற்கப்புறம் நான் என்ன சொன்னேன் தெரியுமா, எல்லாம் சரியாகத்தானே எழுதியிருக்கிறார்கள் என்றேன். தலைமையாசிரியையும் டீச்சரும் என்னை அப்படியே பார்த்தார்கள். எட்டு மணிப் படத்துக்குக் கீழே ஏழே முக்கால். மூன்றரைக்குக் கீழே மூன்றேகால். ஒன்பது தாளிலும் அப்படியே. என் கண்ணுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லையடி, தெரியுமா, வருடக்கணக்காக அப்படித்தானே பார்த்துப் பழகியிருக்கிறேன். பிறகு மெதுவாக உறைத்தது பார், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

அங்கேயே, அப்போதே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வீட்டுக் கடிகாரம், அப்பாவின் சோம்பல், கால் மணி, ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர் நம்பவில்லை, பிள்ளைகளைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. தலைமையாசிரியை சுண்டெலியை மட்டும் கூட்டி வரச் சொன்னார். அவள் வந்து என்னைப் பார்த்தாள், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அந்த வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. தலைமையாசிரியை ஒரு தாளில் கடிகாரம் வரைந்து மணி என்ன என்று கேட்டார். நான்தான், பரவாயில்லை சொல்லும்மா, எனக்காகப் பார்க்காதே என்றேன். அவள் ஒரு தரம் என்னையும் ஒரு தரம் படத்தையும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"இது எந்தக் கடிகாரம் டீச்சர்? நம்ம ஸ்கூல் கடிகாரமா, அத்தை கடிகாரமா?"

தலைமையாசிரியை எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதலில் கோபம் என்று நினைத்தேன், தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. திங்கட்கிழமை அந்த ஒரு பகுதிக்கு மட்டும் மறுபடி பரீட்சை வைக்கிறேன், அதில் பிள்ளைகள் தேறினால் தாள் செல்லும், டியூஷனும் நடக்கட்டும், தேறாவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் முடிந்ததும் மறுபடி சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, கடிகாரம் என்னால வந்தது, பழி எனக்குத்தான், நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே என்றார். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. மருந்துக்கடையில் பெட்டி பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவள்தானே நான், டீச்சருக்குப் படித்தவளா. ஒன்பது பிள்ளைகளுக்குத் தப்பைச் சொல்லிக் கொடுத்து, அவர்களை ஒன்பது வீட்டில் திருட்டுப் பட்டம் வாங்க வைக்கப் பார்த்தேனே என்று நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. சனிக்கிழமை வகுப்பில் கடிகாரத்தைக் கழற்றிச் சரியாக வைத்து, ஆளுக்கு இருபது படம் வரைந்து போட்டுப் பழக்கிவிட்டு, இதுதான் நம் கடைசி வகுப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, நேரே கீழே போய் மருந்துக்கடைக்காரரிடம் சாவியை நீட்டினேன். அவர் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மார்க் வரட்டும், அப்புறம் வாங்கிக்கறேன், இப்ப எண்ணிக்கை தப்பிடும் என்றார். மறுநாள்தான் நீ போன் பண்ணினாய். உன் குரலைக் கேட்டதும் சரி வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஏனோ, பால் பொங்குகிறது என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்றாம் வகுப்பு டீச்சரே தாள்களோடு படியேறி வந்தார், அவரையும் பிள்ளைகள் விடவில்லை, வாய்ப்பாடு சொல்லித்தான் ஏற வேண்டும் என்று மறித்துக்கொண்டார்கள், பாவம் அவரும் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பது பேரும் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தார்கள். சுண்டெலி மட்டும் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும், கடிகாரம் சரியாக ஓடினால், என்று சேர்த்து எழுதியிருந்தாளாம், அதற்கு மார்க் குறைப்பதா கூட்டுவதா என்று பள்ளிக்கூடத்தில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தேகப்பட்டதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நான் என்ன வைத்துக்கொள்வது, அவர் மேல் என்ன தப்பு.

எல்லோரும் கிளம்பிய பிறகு சுண்டெலியை மட்டும் நிறுத்தி வைத்தேன். பரீட்சை முடிந்து வெளியே வந்து பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்ததுமே இவளுக்கு விஷயம் புரிந்துவிட்டதாம், மற்ற எட்டுப் பேரிடமும் யார் கேட்டாலும் மூச்சு விடக் கூடாது என்று இவள்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அட பைத்தியமே, சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்குமே, உன் தாளையே அடித்துவிடுகிறேன் என்றார்களே, முதல் தடவையாகப் பாஸான தாளாச்சே, அப்போதும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே, இது என்ன கேள்வி என்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

"சொன்னா உங்கள நிறுத்திடுவாங்கல்ல அத்தை. நான் திரும்பக்கூட எழுதிப் பாஸாயிடுவேன். உங்களுக்கு யாரு திரும்பப் பரீட்சை வைப்பாங்க?"

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. இத்தனை வருடம் வேலை பார்த்தேன், நல்ல மனிதர்களோடுதான் பார்த்தேன், ஆனால் எனக்காக ஒருவரும் ஒரு மார்க்கை விட்டுக் கொடுத்ததில்லை. கீழே இறங்கும்போது மருந்துக்கடைக்காரர் கையை நீட்டினார், சாவிக்காகத்தான். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, மாத்திரை எண்ணிக்கை சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் மேல் எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்குத் தினமும் கஷ்டம்தான், உன் அறையைப் பெருக்கும்போதெல்லாம் கஷ்டம்தான். ஆண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டதும் நானும் அப்பாவும் கட்டாயம் வருகிறோம், உன் கையால் சமைத்துப் போடு, என்ன குறை சொல்கிறேன் என்று பார்க்கிறேன். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, முதுகு வலி என்றாயே, நின்றுகொண்டே இருக்காமல் நடுவில் கொஞ்சம் உட்கார். நீ நன்றாக இருக்க வேண்டும், நீ தொட்டுப் பார்க்கிற நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்க வேண்டும், அதுதான் நான் தினமும் வேண்டுவது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, டிக்கெட் எடுக்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் திரும்பி வருவதற்கும் சேர்த்து எடு, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் நான் இங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைக்காத நாள் இல்லாத,
அம்மா