நான் அமுக்கிய பொத்தான்

அம்முணி,

இன்றைக்குக் காலையில் பனியன் கம்பெனிக்குப் போனால், செக்கிங் மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘தேடு பொத்தானை ஒரு முறை மட்டும் அமுக்கவும்.’ உனக்குப் பிறகு வந்த சாஃப்ட்வேர்காரர் ஒட்டியது. எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

நீ செய்த புரோகிராம்தான் இன்னும் ஓடுகிறது. பனியன் கட்டு ஒவ்வொன்றிலும் இருக்கிற சீட்டை ஸ்கேன் செய்து தேடினால், எந்த ஆர்டர், யார் தைத்தது என்று திரையில் வந்துவிடும். அதை நீ முதலில் ஓடவிட்ட அன்று பக்கத்து மேசை சரசு, “ஏனுங்க, பெத்தது நீங்கதானுங்களா, இல்ல ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா?” என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் சீட்டையே கீழே போட்டுவிட்டேன்.

ஆர்டர் பெருகப் பெருகத் தேடினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சோறு போடும்போது ஏன் என்று கேட்டேன். “குடோன்ல எந்தக் கட்டு எங்க இருக்குன்னு குறிச்சு வெச்சா நேராப் போய் எடுக்கலாம். இல்லீனா மொதக் கட்டுல இருந்து ஒவ்வொண்ணாப் பாக்கணும்ல? நாந்தாம்மா குறிக்காம உட்டுட்டேன்” என்றாய். அதைச் சரி செய்தாய். வேகமாக வந்தது.

அப்புறம் அந்த ஷிப்மெண்ட் நாள். வாசலில் கண்டெய்னர் நிற்கிறது. எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள். திரும்பவும் வட்டம். சூப்பர்வைசர் தலைக்கு மேல் நின்று கத்தினார். இருபது வருடம் தையல் மெஷினில் இருந்தவள் நான். மெஷின் நின்றால் பெடலைத் திரும்பத் திரும்ப மிதிப்போம். அதே மாதிரி பொத்தானை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும். மொத்தமாக நின்றுபோனது. கண்டெய்னர் அன்றைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாய். “அம்மா, நெசமாச் சொல்லு. வரலைன்னு திருப்பித் திருப்பி அமுக்குனயா?”

“ஒருக்காத்தான் கண்ணு அமுக்குனேன்.”

படிக்காதவள் கெடுத்தாள் என்று பேர் வந்துவிடுமே என்ற வெட்கம். வேறொன்றும் இல்லை.

நீ நம்பிவிட்டாய் என்று நினைத்தேன். பத்து நாள் குனிந்த தலை நிமிராமல் உன் வேலையிலேயே தப்பைத் தேடினாய். கடைசியில் முதலாளி, “ஏங்கண்ணு, உன்னால ஆகலீன்னா சொல்லீரு, வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார். பார்த்தும் கொண்டார். அந்த மாசம் முடிவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்றைக்கு அந்தத் தாள் எதற்கு என்று சாஃப்ட்வேர்காரரிடம் கேட்டேன்.

“ஒவ்வொரு தடவ அமுக்கறப்பவும் புதுசா ஒரு தேடல் கெளம்புதுங்க்கா. முன்னாடி போனதே முடிஞ்சிருக்காது. ஒண்ணுமேல ஒண்ணு சேந்து அடைச்சுக்குது. கண்டெய்னர் நின்ன அன்னிக்கு நடந்தது இங்க அப்படியே இருக்குது, பாருங்க.”

திரையில் என் கார்டு நம்பர். ஒரே சீட்டு. அமுக்கியதற்கு ஒன்றாகப் பதினேழு வரி, நேரத்தோடு.

“இத அப்பவே பாத்திருக்க முடியுங்களா?”

“புரோகிராம் எழுதுனவங்க மொதல்ல பாக்கறதே இதைத்தானுங்க.”

மத்தியானம் முதலாளி அறைக்குப் போய், கெடுத்தது நான்தான் என்று சொன்னேன். “உடுங்க, முடிஞ்சு போனதப் பேசி என்ன ஆகுது” என்று தண்ணீர் கொடுத்தார். தம்ளரை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பத்து நாள் முடிவில் முதலாளி உன்னைக் கேட்ட அன்று நானும் அங்கேதான் நின்றேன். எப்படி நின்றுபோனது என்று தெரிந்ததா என்று அவர் கேட்டார். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு அவரிடம், “எம்மேலதானுங்க தப்பு” என்றாய். குரல்கூடப் பிசகவில்லை. பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாய்.

அந்தப் பதினேழு வரியையும் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாயா, அம்முணி?