வண்டி விற்பனைக்கு இல்லை

ஆல்வானி,
மே மாதக் கடைசி

அன்பு மகன் மிண்டியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் சுகம், ஆடுகளும் சுகம், நீ விற்கச் சொன்ன வண்டியும் சுகம். போலந்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை.

உன் சித்தப்பா நுக்ஸார் போனில் சொன்னதற்கெல்லாம் நீ தலையாட்டியிருக்கிறாய். வண்டி யாருடையது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்ததை வெளியே எடுத்ததிலிருந்து, தார் ரோட்டில் ஒடித்துத் திருப்பினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் முரண்டு பிடித்தது, அடியில் திடும் திடும் என்று சத்தம், அதெல்லாம் உண்மைதான். நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி போய்விட்டது என்று நுக்ஸார் குனிந்துகூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னான். "பெட்டி செத்துப்போச்சு அண்ணி. எவன் தலையிலயாவது கட்டிவிட்டுட்டு, வீட்ல உக்காந்து காலுறை பின்னுங்க" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் அப்பா போனபிறகு ஒவ்வொரு கோடையும் அபானோ கணவாயைத் தாண்டி மலைமேல் இருக்கும் ஓமாலோ கிராமத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவள் நான். வண்டி போனால் எனக்கு மலையும் போச்சு.

பெட்டியைத் திறக்க நான் யாரையும் விடவில்லை. கால்பந்து மைதானத்து ஈரப் புல்லில் வட்டமடித்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி முரண்டு. உள்ளே பல் உடைந்திருந்தால் அது புல் என்றும் தார் என்றும் பார்க்குமா? சக்கரங்கள்தான் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன, புல்லில் மட்டும் வழுக்கித் தப்பித்துக்கொள்கின்றன என்று புரிந்தது. காலுறை பின்னுகிற அதே நூலால் ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்தேன். மூன்று ஒரே அளவு, பின்பக்கம் வலது மட்டும் நாலு விரல் கூடுதல். அது யாருடையது தெரியுமா? போன இலையுதிர் காலத்தில் கணவாயில் எனக்குப் பஞ்சர் ஆனபோது நுக்ஸார் கொடுத்த ஸ்டெப்னி. அங்கே யார் வழியில் நின்றாலும் கையிலிருப்பதைக் கொடுப்போம், திருப்பிக் கேட்கமாட்டோம், அதனால் மாட்டியதோடு மறந்துபோனேன். டயரை உருட்டிக்கொண்டு போய் அவன் வாசலில் சாய்த்துவிட்டு நூலைக் காட்டினேன். நூல் இழுபட்டிருக்கும் என்றான். மற்ற மூன்றுக்கும் ஒத்த டயரைத் தேடி மாட்டி, பெட்டியில் புது எண்ணெய் ஊற்றி, அவனையே பக்கத்தில் உட்காரவைத்து அவன் வீட்டு முன்னால் தார் ரோட்டில் வட்டமடித்தேன். வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. இறங்கியதும் அவன் தன் டயரை உருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

வண்டியை வாங்க வந்த ஆளுக்கு வயிறு நிறையச் சோறு போட்டு, ஒயின் ஊற்றிக் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். நீ பயத்தில்தான் அப்படிச் சொன்னாய் என்று தெரியும் ராசா, கணவாய் ஓரத்துப் பள்ளங்களைப் பார்த்தால் எனக்கும் பயம்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், நல்ல இடத்தில் உனக்குப் பெண் அமையட்டும். டயர் அளந்த நூலையும் சேர்த்துப் பின்னிய காலுறை இதோடு வருகிறது, போட்டுக்கொள். ஆகஸ்டில் லீவு போட மறக்காதே, கணவாய்க்கு மேலே நானே கூட்டிப் போகிறேன். முன் சீட்டில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது.

உன் அம்மா,
வண்டிக்காரி எலிசோ