மந்திரிக்காத திராட்சை

இஞ்சாருங்கோ,

போனில் பேசினால் உங்கள் அம்மாவுக்குக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். மாமியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆர்மேனியர்கள் பல வருடம் வாடகை மண்டபங்களில் பூசை வைத்த பிறகுதான், ஜெர்மன்காரர் மூடிய இந்த மாதா கோயிலை வாங்கினார்கள். அலைந்து பழகியவர்கள் என்பதால் சனிக்கிழமைகளில் நம் தமிழ் ஆட்களின் பூசைக்கும் திறந்துவிடுகிறார்கள். மாதா திருநாளில் குருவானவர் செபித்து மந்திரிக்கும்வரை அவர்கள் திராட்சை சாப்பிடுவதில்லை. போன சனிக்கிழமை, மறுநாள் மந்திரிக்க வைத்திருந்த கூடைகளை நம் ஆட்களின் காணிக்கை என்று நினைத்து, மாமி பூசை முடிந்ததும் எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டா.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஆர்மேனிய அரக்ஸி அம்மா வெறும் கூடைகளைக் கண்டு அழுதுவிட்டா.

"உந்தப் பழத்துக்கே அழுறா? கடையில ரெண்டு பெட்டி வாங்கிக் குடுத்தாச் சரி" என்று மாமி சிரித்தா.

என்ன சொல்கிறா என்று அரக்ஸி என்னிடம் ஜெர்மனில் கேட்டா. "தெரியாமல் செய்துவிட்டாவாம், மன்னிப்புக் கேட்கிறா" என்றேன். அரக்ஸி மாமியின் கையை முத்தமிட்டா.

"விசரி போல" என்றா மாமி. அந்தப் பைத்தியப் பட்டத்தை அரக்ஸியிடம் நன்றி என்று சொன்னேன்.

வரும் ஞாயிறு பூசையில் அவர்களுடைய குருவானவர் மாமியின் தாழ்மையைப் பற்றிப் பேசப்போகிறாராம். மாமியை முன்வரிசைக்கு அழைத்திருக்கிறார்கள். "பாத்தியே, பழம் குடுத்த மரியாதை" என்று புதுச்சேலை எடுத்து வைத்திருக்கிறா.

சனிக்கிழமையே வந்துவிடுங்கோ. மாமிக்கு ஜெர்மன் விளங்காது என்பதால், குருவானவர் பேசுவதை அவவின் பக்கத்தில் இருந்து நான்தான் தமிழில் சொல்ல வேண்டுமாம்.

முகம் காட்ட முடியாமல்,
உங்கள் மனைவி