ஓட்டியது யார்

செவ்வாய், இரவு

அமெரிக்காவில் நாங்கள் சுற்றிய நான்கு மாநிலங்களிலும் கார் ஓட்டியது நான்தான் என்று இன்று சொல்லவில்லை. செம்பூரில் மாமனார் வீட்டில் சாப்பிடும்போது, "முழுக்க நாந்தான் ஓட்டுனேன்" என்று என் கணவன் முரளி தன் அப்பாவிடம் சொன்னான். முதல் நாளே பெரிய லாரிகளைக் கண்டு பயந்து டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டவன், பிறகு வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் புளியோதரை ஊட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

"ஏல, அப்போ ஞாயித்துக்கிழமை டிரைவர் எதுக்கு? உல்லாஸ்நகர் கல்யாணத்துக்கு நீயே எங்களக் கூட்டிட்டுப் போயிரு" என்றார் மாமா.

முரளி என்னைப் பார்த்தான். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

"இவ ஓட்டட்டும்ப்பா. அங்கயும் இவதான் ஓட்டுனா."

அத்தை சிரித்துவிட்டார். மாமா கை கழுவியதும் டிரைவருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடச் சொன்னார்.