கதவு மூடாத வண்டி

கிடர்மின்ஸ்டர்,
அக்டோபர் 27, ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் ரோவெனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறிவிடாதே, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், இப்போதுகூட அடுப்படியில் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறாள், பாட்டுதான் ரேடியோவோடு சேரவில்லை. நானும் முழங்கால் நீங்கலாக நலம். அங்கே டனீடனில் நீயும் மாப்பிள்ளையும் டில்லிக் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எந்நேரமும் எங்கள் நினைப்பு. டில்லிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாமே, அம்மா போட்டோவைக் காட்டினாள். சிரித்தால் அப்படியே நீதான். இங்கே ஒரு வாரமாக விட்டு விட்டு மழை, ஆப்பிள் மரம் இந்த வருடம் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டது, தினமும் அம்மா சுடும் ஆப்பிள் பைதான், வாயைத் திறந்தால் இன்னொரு துண்டு வைத்துவிடுகிறாள். இன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் நாள். காலையில் நாற்காலி போட்டு ஏறித் தள்ளி வைத்தேன். நேற்றுவரை உனக்கும் எங்களுக்கும் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம், இன்றிலிருந்து பதின்மூன்று. வருடா வருடம் நடப்பதுதான், ஆனாலும் இந்த ஒரு மணி நேரத்துக்கு எனக்கு மனசு கேட்பதில்லை.

படகு இன்ஜின் வேலையில் உன்னைத்தான் பெரிய ஆளாகப் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். அந்த ஊர்க் கடற்காற்று பொல்லாதது என்கிறார்கள், உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொள். இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தால் கண்ணாடி இல்லாமல் எடுக்காதே, ஒரு நிமிட வேலைதானே என்று நினைக்கும்போதுதான் பொறி கண்ணுக்குள் போகும். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்வது வேடிக்கைதான், தெரியும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒரு பழைய கார் வாங்கிய கதையை அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். என்ன வண்டி என்று சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் சொல்லாதே என்றிருந்தேன். நீ இங்கே இருந்தபோது வைத்திருந்தாயே, அந்த வண்டியேதான் ரோ. அதே கம்பெனி, அதே வருடம், இரண்டே இருக்கை, மேலே கூரைக்குப் பதில் துணி. உன்னுடையது பச்சை, இது சிவப்பு, அதாவது துரு போக மிச்சம் இருக்கிற இடத்தில் சிவப்பு. ஸ்டவர்போர்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் பத்தொன்பது வருடம் கொட்டகைக்குள் நின்றிருக்கிறது, ஓட்டுநர் இருக்கையில் கோழி அடை காத்திருக்கிறது. லாரியில் ஏற்றி மார்ச் மாதம் கொண்டுவந்து இறக்கினேன். உன் அம்மா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோழியையும் சேர்த்துக் கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா, முட்டையாவது கிடைத்திருக்கும் என்றாள். ரிட்டையர் ஆனவனுக்குப் பொழுது போகவேண்டாமா என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். அது பொய். அந்தப் பண்ணைக்காரர் தார்ப்பாயை விலக்கியதும் அந்த வட்ட விளக்கு இரண்டும் என்னைப் பார்த்தன, எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது, பேரம்கூடப் பேசவில்லை.

வாங்கியவர்கள் எல்லாரும் சொல்வதுபோல நானும் அடுத்த ஈஸ்டருக்குள் ரோட்டில் ஓடும் என்று பழைய கார் கிளப்பில் சொன்னேன். நம் கிளப் இன்னும் மாதத்தின் முதல் செவ்வாய் அதே பப்பின் பின்னறையில்தான் கூடுகிறது, இன்னும் பழைய கார்களுக்கு அடிக்கும் பச்சை சரியான பச்சையா இல்லையா என்றுதான் சண்டை. எந்த வருடத்து ஈஸ்டர் என்று ஒருவன் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். கோடை முழுக்கக் கழற்றினேன். ஐஸ்க்ரீம் டப்பாக்களில் போல்ட்டுகளைப் போட்டு மேலே பெயர் எழுதி அடுக்கினேன், அறுபத்தோரு டப்பா, கார் ஷெட்டில் கால் வைக்க இடம் இல்லை. கழற்றுகிறவரை சந்தோஷமாகத்தான் இருந்தது. செப்டம்பரில் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்துக்கு வந்தேன், அங்கேதான் வந்தது வினை.

கூரை இல்லாத வண்டிக்கு அந்தச் சட்டம் இரண்டும்தான் முதுகெலும்பு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடித்த சட்டத்தை அறுத்து எடுப்பதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து இறுக்கிப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். இந்தத் தடவை பூட்டினேன். பூட்டிவிட்டு அறுக்க உட்கார்ந்தால் அந்தக் கம்பியைத் தாண்டி என் முழங்கால் உள்ளே போகவில்லை. ஒரு பத்து நிமிடம்தானே என்று கம்பியைக் கழற்றினேன். எழுபத்துமூன்று வயதில் எனக்கு வந்த புத்தியைப் பார். அறுத்து முடித்துக் கதவை மாட்டிப் பார்த்தால் கதவு மூடவில்லை. மேலே இடித்துக்கொண்டு பாதியில் நின்றது. உன் பச்சை வண்டியில் எப்படி நின்றதோ அப்படியே. நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டீ ஆறிப்போய் அம்மா வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

ரோ, இனி எழுதப்போவதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன். வானிலையும் ஆப்பிளும் எழுதி இரண்டு பக்கம் ஓட்டிவிட்டேன், இனி ஓட்ட முடியாது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் உன் வண்டியின் சட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டது நான். நான் பஸ் ஓட்டிவிட்டு வருவதற்குள் இரண்டு பக்கமும் அறுத்து வை என்று சொன்னதும் நான். கம்பி பூட்ட வேண்டும் என்று உனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. தெரிந்தவன் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது கதவு மூடவில்லை, உன் முகம் வெளுத்துப் போயிருந்தது, ஷெட் வாசலில் கிளப் ஆட்கள் மூன்று பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் என் மூக்கு உடையக் கூடாது என்று, பொட்டப்புள்ள கையில வேலையக் குடுத்தா இப்படித்தான் என்று சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். கோடு யார் போட்டது என்று நீ கேட்டிருக்கலாம், அவர்கள் முன்னால் கேட்டிருக்கலாம், நீ கேட்கவில்லை. அடுத்த வாரம் நீ வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரனை வரச்சொல்லி வண்டியை ஏற்றி அனுப்பிவிட்டேன். உன் சம்பளத்தில் நீ வாங்கிய வண்டி. ஷெட்டை ஒழிக்க வேண்டியிருந்தது என்றேன். அன்றைக்கு நீ ஷெட் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிவிட்டு மாடிக்குப் போனாய், அந்த வசந்தத்தில் கப்பலளவு பெட்டியோடு நியூசிலாந்துக்குப் போய்விட்டாய். நீ போன அடுத்த வருடமே கிளப் புத்தகம் ஒன்றில் அந்தக் குறுக்குக் கம்பி விஷயத்தைப் படித்தேன். தப்பு என்னுடையது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பதின்மூன்று வருடம் மென்று விழுங்கிக்கொண்டு இருந்தேன். அம்மா இரண்டு தடவை உன்னைப் பார்க்கப் புறப்பட்டபோது நான் ஒரு தடவை டியூட்டி என்றேன், ஒரு தடவை முழங்கால் என்றேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

இன்னும் இருக்கிறது. கதவு மூடாமல் நான் உட்கார்ந்த மறுநாள் கிளப்பிலிருந்து கிளிஃப் ஸ்டோக்ஸ் வந்தான், உனக்கு அவனைத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்தவன். ஒரு பலகையையும் ஜாக்கியையும் வண்டிக்கு அடியில் நடுவில் வைத்து, கதவு இடுக்கைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கதவு டக்கென்று மூடியது. இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தே, நம்ம பயலுக பாதிப் பேருக்கு ஆனதுதானே என்றான். நான் அவனிடம், கம்பியே பூட்டாமல் இரண்டு பக்கமும் ஒரே நாளில் அறுத்திருந்தால் என்று கேட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே,

"அதையும் நிமித்திரலாம்பா, கூட ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான்" என்றான்.

ஒரு நாள். ஒரு நாள் நீயும் நானும் ஜாக்கியோடு உட்கார்ந்திருந்தால் போதும். அதற்குத்தான் உன் வண்டியையும் அனுப்பினேன், உன்னையும் அனுப்பினேன். கிளிஃப் போன பிறகு நேராக அடுப்படிக்குப் போனேன். அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் கோட்டிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நின்றுகொண்டே சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும் டெஸ். ஏர்போர்ட்ல வெச்சே அவ சொல்லிட்டா. அப்பாகிட்ட கேக்காதேம்மா, அவரா சொன்னாத்தான் உண்டுன்னா. நீயா சொல்லுவேன்னு பாத்துப் பாத்து எனக்குத் தலையே நரைச்சுப் போச்சு" என்றாள். பதினான்கு வருடம் இரண்டு பேரும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறீர்கள். அழுதேன் ரோ, எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளை வரச்சொல்லி எழுதுகிறேன், கிறிஸ்துமஸுக்கு வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை முடிக்கிறோம் என்றேன். எனக்கு அந்த ஆசைதான், உன்னை அந்த ஷெட்டில் பார்க்க வேண்டும், ஸ்பேனரை நான் கேட்பதற்கு முன்னாலேயே நீட்டுவாயே, அதைப் பார்க்க வேண்டும். சில நாள் ஷெட்டில் இருந்துகொண்டு பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு என்று சொல்லிவிட்டுப் பின்னால் கையை நீட்டியிருக்கிறேன், யாருமே இல்லாத ஷெட்டில். ஆனால் உன் அம்மா விடவில்லை. "தப்புப் பண்ணினது நீ. அவ எதுக்குக் குழந்தையத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் வரணும்?" என்று கேட்டுவிட்டு மறுபடி கிழங்கைச் சீவத் தொடங்கிவிட்டாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, எப்போதும்போல.

அதனால் மறுநாளே போஸ்ட் ஆபீசுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். பக்கத்தில் வேல்ஸில் இருக்கிற டென்பிக் கடற்கரையைத் தாண்டிப் போகாதவனுக்குப் பாஸ்போர்ட். போட்டோவில் சிரிக்கக் கூடாதாம், எனக்கு அதில் கஷ்டமே இல்லை. முந்தாநாள் வந்துவிட்டது. இத்தனை மணி நேரம் விமானத்தில் முழங்காலை எங்கே நீட்டுவது என்று தெரியவில்லை, டாக்டரைக் கேட்டேன், அடிக்கடி எழுந்து நடங்கள் என்றார். சிவப்பு வண்டி ஜாக்கி மேலேயே நிற்கட்டும், அது எங்கேயும் போகாது. இந்தத் தடவை இரும்புக்காரன் வந்தால் அவனைத்தான் ஏற்றி அனுப்புவேன்.

நான் அங்கே வரலாமா என்று கேட்கத்தான் இது. உன் பச்சை வண்டி கெட்டது உன்னால் இல்லை, என்னால்தான். எழுத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் அன்றைக்கு அவமானப்படுத்தியது வாயால், அதனால் வாயால்தான் திருப்பிச் சொல்ல வேண்டும், உன் வீட்டில், மாப்பிள்ளை முன்னால், டில்லி முன்னால், உன்னோடு வேலை செய்கிற ஆட்கள் நின்றால் அவர்கள் முன்னாலும். அதற்குப் பிறகு நீ என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு, அதற்கும் சேர்த்துத்தான் வருகிறேன். உன்னைப் பார்க்காமல் இருக்க இனிமேல் என்னால் ஆகாது.

கடவுள் உன்னையும் உன் வீட்டையும் நன்றாக வைத்திருக்கட்டும், உன் கைவேலை இன்னும் பேர் வாங்கட்டும், டில்லிக்குப் பல் சீக்கிரம் முளைக்கட்டும். கம்பளிச் சட்டையை மறக்காதே. அம்மா இதைப் படிக்கவில்லை, படித்தால் எழுத்துப்பிழை பார்ப்பாள், அதற்குள் நானே நடந்து போய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். பதிலைப் போனில் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, எனக்கே எழுது. வா என்று எழுதினால் புறப்பட்டு வருகிறேன். வராதே என்றாலும் எழுது கண்ணு, இத்தனை வருடத்தில் என் பெயருக்கு நீ எழுதிய கடிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

உன் அப்பா,
டெஸ்மண்ட் பார்ஜெட்டர்